நாலாவது காயம்

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளைத் தாண்டி, கல்லூரிப் பேருந்துகள் ஒன்றையொன்று உரசாமல் திரும்பப் பாடுபடும் வளைவில் இருக்கிறது பொற்கொங்கு மருத்துவமனை. அதன் தலைமை அறுவை மருத்துவர் கோவிந்தராஜுலுவை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வார்கள். கைராசிக்காரர் என்று பேர். அந்தக் கைராசியை வெளியாட்கள் பாதிதான் அறிவார்கள். வயிற்றைத் திறப்பதும் தைப்பதும் அந்தப் பாதி. கேட்டது சற்றுத் தாமதமாக வந்தாலோ, கேட்காதது சரியான நேரத்துக்கு வந்தாலோ, கையில் இருப்பதை எதிரில் நிற்கும் மாணவர் மேல் எறிவது மறுபாதி. சீஃப் எறிந்தால் குறி தப்பாது என்பதில் மருத்துவமனைக்கே ஒரு பெருமை இருந்தது.

லோகப்பிரியா உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். அறுவை அரங்குத் தொழில்நுட்பப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மேலிருந்து பொருள்கள் வந்து விழுவது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்கள் தோப்பில் காய் தள்ளுகிறவர் முதலில் "ஒதுங்கு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார், கீழே நிற்பவர்கள் நகர்ந்த பிறகுதான் குலையில் கை வைப்பார். இங்கே கத்தரி முதலில் வந்தது, சத்தம் பிறகு வந்தது.

அந்த முதல் கத்தரிக்கு அவள் ஒதுங்கிவிட்டாள். அது அவள் காதோரமாகப் போய் மயக்க மருந்து இயந்திரத்தில் மோதியது. அரங்கின் தலைமைச் செவிலி ராசாத்தாள் சிஸ்டர் ஓடிவந்து இயந்திரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு ஒதுங்குன? கண்ணாடியில கீறல் உழுந்துபோச்சு பாரு. அது ஜெர்மனியில இருந்து வந்ததாக்கும்!"

"சிஸ்டருங்க, நானுங்க?"

"நீ உடுமலையில இருந்து வந்தவ. இனி ஒதுங்காத."

அன்றிலிருந்து அவள் ஒதுங்கவில்லை. அந்த அரங்கில் யாருமே ஒதுங்குவதில்லை. கூடப் படிக்கும் சுஃப்யான், கோட்டைமேட்டுப் பையன், ஒதுங்காமல் இருப்பதில் பெரிய தேர்ச்சி பெற்றிருந்தான். எது வந்தாலும் கண்ணை மட்டும் மூடிக்கொள்வான். வீட்டில் அவன் அம்மா ஹபீபுன்னிசா தினமும் ஒரு புதுக் காயத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்பார். டவுன் பஸ்ஸில் கூட்டம் என்பான். அந்த அம்மா காந்திபுரம் பஸ்களைச் சபிக்காத நாள் இல்லை.

எறிந்த கருவி வளைந்துவிடும், பிறகு உதவாது. புதியது வேண்டுமென்றால் பண்டகசாலை மேலாளர் அப்துல் கையூமிடம் போக வேண்டும். கறாரான மனிதர். கருவி போச்சு என்று வெறும் வாயால் சொன்னால் தர மாட்டார். "ஆளைக் காட்டுங்க, ஆர்ட்டரியை வாங்கிக்குங்க" என்பார். ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற சின்ன இடுக்கிக்கு அங்கே ஆர்ட்டரி என்று பேர். அடிபட்ட மாணவரைக் கொண்டுபோய் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினால், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காயத்தைப் பார்ப்பார். "ஆர்ட்டரிதான். கத்தரின்னா வாய் இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கும்" என்று சொல்லி எடுத்துக் கொடுப்பார். காயம் இல்லாமல் ஒரு கருவிகூட அந்த ஜன்னலைத் தாண்டியதில்லை.

வயிற்றை மூடுவதற்கு முன் கருவிகளை எண்ணிப் பார்ப்பது உலகமெல்லாம் உள்ள வழக்கம். பொற்கொங்கிலும் எண்ணினார்கள். மேசையில் இருப்பதோடு எறிந்ததைக் கூட்டி, அது எடுத்து வைத்த கணக்கோடு ஒத்துப்போனால் மூடலாம். குறைந்தால்? குறைந்ததும் எறிந்ததுதான், எங்காவது உருண்டிருக்கும். உள்ளே கிடக்குமோ என்று கேட்கிற பழக்கம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. சீஃப் எறிகிறவர், மறக்கிறவர் அல்ல.

இன்னொரு விதியும் இருந்தது. போன வருடம் சீஃப் எறிந்த கிண்ணம் விளக்கில் பட்டுத் திரும்பி, மயக்க மருத்துவர் நிலோஃபரின் கன்னத்தைக் கிழித்தது. மாணவர்கள் மேல் பட்டால் பிளாஸ்திரி போதும். இது மருத்துவர் கன்னம், காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னபடி ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டது: மருத்துவர் மேல் எது பட்டாலும் அறுவையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும், ஒருவரையும் விடாமல், தலை முதல் கால் வரை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த மருத்துவர் மேலும் எதுவும் படவில்லை. சீஃப் விளக்குப் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டார். அந்தத் தாள் வியர்த்துப்போய் ஒரு மூலையில் உரிந்து தொங்கியது.

இந்த நிலையில்தான் அங்கீகாரக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. குழு வருவதற்கு முன் மாணவர்களிடம், பெயர் சொல்ல வேண்டாம் என்ற உறுதியோடு, அறுவை அரங்கில் பயமில்லாமல் கற்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைச் சேர்மன் திருமூர்த்தி இடிந்துபோனார். பம்பு செட் கம்பெனி வைத்து முன்னுக்கு வந்தவர். மாணவர்களைக் கூட்டி வைத்து மனம் விட்டுப் பேசினார்.

"நம்ம பம்புல தண்ணி வரலீன்னா பம்பைப் பிரிச்சுப் பாப்பமுங்க. இங்க நம்பிக்கை வரலீங்கறீங்க. அப்ப யாரைப் பிரிச்சுப் பாக்கோணும்? உங்களைத்தானே? சீஃபைப் பிரிச்சுப் பாக்க முடியுமுங்களா? அவரு ஒருத்தருதான் இருக்கறாரு. நீங்க வருசா வருசம் வாறீங்க."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

இப்படித்தான் நம்பிக்கை வாரம் பிறந்தது. பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் ஊழியர்களுக்கு ஒற்றுமை சொல்லிக்கொடுக்கும் மனோஜ்குமார் என்பவரை அழைத்து வந்தார்கள். சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு, எதிரில் நாலு பேர் இருந்தாலும் நாலாயிரம் பேர் இருப்பதாக நினைத்துப் பேசுகிறவர். முதல் நாளே அறுவை அரங்கில் ஒரு பயிற்சி வைத்தார். மாணவர் கண்ணை மூடிக்கொண்டு முதுகுப் பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் சீஃப் இரண்டு கையையும் நீட்டி நிற்பார், பிடித்துக்கொள்வார். நம்பிக்கை என்பது அதுதான்.

கண்ணை மூடுவதில் சுஃப்யானுக்கு நிகர் யாருமில்லை என்பதால் அவனை நிறுத்தினார்கள். அவன் சாய்ந்தான். அந்த நேரம் பார்த்து சீஃபின் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுத்து, "சொல்லுங்க மாப்ளே" என்றார். அரங்கின் தரை நல்ல கிரானைட். மண்டை பட்ட சத்தம் வெளி வராந்தாவில் இட்லிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

சீஃப் பேசி முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அவசரப்பட்டுட்டான்" என்றார்.

"சூப்பர்!" என்றார் மனோஜ்குமார். "நம்பிக்கை நூத்துக்கு நூறுங்க. டைமிங்தான் கொஞ்சம் பாக்கோணும்."

மறுநாள் எல்லா மாணவர்களுக்கும் மருத்துவமனை முத்திரை போட்ட ஹெல்மெட் கொடுத்தார்கள். சீஃபுக்கு மனம் நொந்துபோயிற்று. என் முன்னால் ஹெல்மெட் போடுவது என்னை நம்பவில்லை என்று சொல்வதல்லவா என்று சேர்மனிடம் முறையிட்டார். சேர்மனுக்கும் நியாயம்தான் என்று தோன்றியது. ஆகவே ஹெல்மெட்டை வெளியே படம் எடுக்கும்போது போட்டுக்கொண்டு, அரங்கின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று முடிவாயிற்று. சுஃப்யான் தையல் போட்ட மண்டையோடு தன் ஹெல்மெட்டை ஷூ அலமாரியில் பத்திரமாக வைத்தான்.

அடுத்தது பச்சைத் தொப்பி. அதைப் போட்டிருக்கும் மாணவர் சீஃபிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள், ஏனென்றால் அதைப் படம் எடுக்க ஆள் வந்திருந்தது. தொப்பி லோகப்பிரியாவின் தலையில் ஏறியது. அவளுக்கு நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது. நல்ல பிள்ளை, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"ஏனுங்க சீஃப், இந்த ரத்தக் குழாயை முதல்ல கட்டாம அதை ஏனுங்க கட்டறீங்க?"

சீஃப் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல கேள்வி. கையைக் காட்டு."

அவள் கையை நீட்டினாள். ஆர்ட்டரியின் கைப்பிடிப் பக்கத்தால் விரல் முட்டிகளில் ஓங்கிப் போட்டார். இரண்டு விரல் வீங்கி வளையாமல் நின்றன. "இனி மறக்காது" என்றார். எதை மறக்கக் கூடாது என்று அவள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறாள். படம் எடுத்தவர், சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

வாரக் கடைசியில் அங்கீகாரக் குழு வந்து, பெரிய திரை மாட்டிய விரிவுரைக் கூடமான அரங்கவகுப்பில் இளநீரோடு உட்கார்ந்தது. அவர்கள் பார்ப்பதற்காக ஓர் அறுவையை நேரலையாகக் காட்டுவது என்று ஏற்பாடு. நோயாளி அமீர் ஹம்சா, காந்திபுரத்தில் துணி பிட் கடை வைத்திருக்கிறவர். பித்தப்பையில் கல். துளை போட்டுச் செய்வதில் சீஃபுக்கு நம்பிக்கையில்லை, திறந்துதான் செய்வார்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் அவர் பக்கத்தில் லோகப்பிரியா நின்றாள். வீங்கிய விரல்களால் அவருடைய போர்வையைச் சரி செய்தாள். அமீர் ஹம்சா அவளையே பார்த்தார்.

"ஏம்மா, எங்க கடைக்கு வர்றவங்க ஒரு ரவிக்கைத் துணிய மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. நான் என்னடான்னா எதையும் இழுத்துப் பாக்காம வந்து படுத்துட்டேன். பெரிய டாக்டர் மூஞ்சிய இன்னும் பாக்கல. மூணு நாளா எங்கிட்ட வாய்விட்டுப் பேசுனது நீ ஒருத்திதான்."

"பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருப்பேனுங்க."

"உன்ன நம்பித்தாம்மா கண்ண மூடுறேன்" என்றார். மூடினார்.

வாரம் முழுக்க நம்பிக்கை நம்பிக்கை என்று காது கிழியக் கேட்டவளுக்கு, அது என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

விளக்கோடு சேர்த்துக் கேமரா மாட்டியிருந்தார்கள். சீஃப் குனிந்ததும் அவர் தலை கேமராவை மறைத்துவிட்டது. ஆக, அரங்கவகுப்புத் திரையில் ஆரம்பம் முதல் தெரிந்தது சீஃபின் பின்மண்டைதான். குழுவினர் அதை உன்னிப்பாகக் கவனித்துக் குறிப்பு எடுத்தார்கள்.

இன்றைக்கு மட்டும் எறிய வேண்டாம் என்று சேர்மன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தார். சீஃபும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். கல் வழுக்கியது. ராசாத்தாள் சிஸ்டர் நேரான ஆர்ட்டரிக்குப் பதில் வளைந்ததைக் கொடுத்துவிட்டார். அது சுஃப்யானின் காதில் போய்ப் பட்டது. அடுத்தது அவன் தோளெலும்பில் விழுந்தது. அவன் கண்ணை மூடியபடி "தேங்க்யூ சார்" என்றான், மனோஜ்குமார் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தார். மூன்றாவது லோகப்பிரியாவின் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டு நின்றாள்.

பித்தப்பை வெளியே வந்துவிட்டது. மூடுவதற்கு முன் ராசாத்தாள் சிஸ்டர் எண்ணினார். மேசையில் நாலு ஆர்ட்டரி குறைந்தது.

"வீச்சு நாலு" என்றார் சிஸ்டர், வழக்கம்போல. "மூடிக்கலாமுங்க சீஃப்."

லோகப்பிரியா தரையைப் பார்த்தாள். மூன்று கிடந்தன. மண்டியிட்டு மேசைக்கடியில் தேடினாள். இயந்திரத்துக்குப் பின்னால், அழுக்குத் துணிக் கூடைக்குள், சுஃப்யானின் காலுறைக்குள் வரை தேடினாள். நாலாவது இல்லை. எழுந்தபோது சீஃப் ஊசியில் நூல் கோத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டருங்க, எறிஞ்சது மூணுதானுங்க."

"நாலு கண்ணு. எங்காச்சும் உருண்டிருக்கும். சும்மா இரு."

"இல்லைங்க. எறிஞ்சிருந்தா எங்க மேல பட்டிருக்கோணும். சீஃபுக்குத்தான் குறி தப்பாதுங்களே? சுஃப்யானுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. நாலாவது காயம் எங்கீங்க?"

சீஃபின் கை நின்றது. திரையில் பின்மண்டை மெல்ல நிமிர்ந்தது.

அவருக்கு வந்த இக்கட்டு சாதாரணமானதல்ல. நாலாவதை எறிந்தார் என்றால் குறி தப்பிவிட்டது. எறியவில்லை என்றால் உள்ளே மறந்துவிட்டார். முப்பது வருடப் பெருமையில் இரண்டுக்கும் இடமில்லை. சீஃப் மூச்சை இழுத்துவிட்டு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்.

"பட்டிருக்கு. எவனோ காயத்தை மறைக்கிறான்."

இரண்டு பேரையும் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். சுஃப்யான் உடம்பில் இடமில்லாத அளவுக்குத் தழும்புகள் இருந்தன, ஆனால் தோளில் இருந்ததைத் தவிர எல்லாம் பழையவை. லோகப்பிரியாவின் கையைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, கூந்தலை விலக்கிப் பார்த்தார் சிஸ்டர். ஒன்றும் இல்லை. அதற்குள் சேர்மன் திருமூர்த்தி அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அரங்கவகுப்பில் இளநீர் தீர்ந்துபோயிற்றாம்.

"எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பாத்துரலாமுங்க" என்றாள் லோகப்பிரியா. "வண்டி வாசல்லயே நிக்குதுங்க. ஒரே நிமிசமுங்க."

சேர்மன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனம்மணி, வாரம் பூரா நம்பிக்கை நம்பிக்கைன்னு கத்திப்போட்டு, கடைசி நாள் அதிகாரிங்க முன்னால எக்ஸ்ரே எடுத்தா என்ன அர்த்தம்? ஊரு நம்மளை நம்புமா? எனக்கு சீஃப் மேல சந்தேகமே இல்லைங்க. அதனாலதான் பாக்க வேண்டாம்ங்கறேன். பாத்தா சந்தேகம் வந்துருமில்ல?"

லோகப்பிரியா மயக்க மருத்துவர் நிலோஃபரைப் பார்த்தாள். அவர் திரையில் ஓடும் கோடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னத்துத் தழும்பு மட்டும் துடித்தது. சீஃப் முதல் தையலைப் போட்டார்.

"அப்ப கையூம் பாய்க்கு என்ன சொல்றதுங்க?" என்று முனகினார் ராசாத்தாள் சிஸ்டர். "நாலாவது காயத்தைக் கேப்பாருங்களே."

சேர்மன் சிரித்துவிட்டார். தொழில் நடத்துகிறவருக்கு இதெல்லாம் ஒரு சிக்கலா? "காயம் இல்லைன்னா என்னங்க? போட்டுக்கலாம்."

அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் பெரிய நிம்மதி. சிஸ்டர் மரத்துப்போகும் ஊசியை எடுத்து மருந்தை இழுத்தார். சீஃப் இரண்டாவது தையலை முடித்துவிட்டு, மேசையிலிருந்து ஓர் ஆர்ட்டரியைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"நாங்களும் மனுசங்கதான் அம்மணி. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம்" என்றார் சேர்மன். "நெத்தியா, தோளான்னு நீயே சொல்லு. சீஃப், புள்ளை விருப்பப்படி செய்யுங்க. கத்துக்கற சூழல்னா மாணவர் விருப்பம் முக்கியமுங்க."

"எம் மேலயே போட்டுருங்க சார்" என்றான் சுஃப்யான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

லோகப்பிரியா மனதுக்குள் கணக்குப் போட்டாள். சரி என்று சொன்னால் போதும், ஒரு காயம், இன்னும் ஒரு வருடம், கையில் சான்றிதழ். இல்லை என்றால் இன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு உடுமலை பஸ் ஏற வேண்டியதுதான். மேசையில் அமீர் ஹம்சா வாயில் குழாயோடு படுத்திருந்தார். எதையும் இழுத்துப் பார்க்காமல் வந்து படுத்த மனிதர். மூன்றாவது தையலுக்கு ஊசி தோலுக்குள் இறங்கியது. அவள் கண் சுவரைச் சுற்றி வந்து, ஒரு மூலையில் உரிந்து தொங்கும் தாளில் நின்றது.

அவள் கையில் கிட்னி ட்ரே இருந்தது. அழுக்குப் பஞ்சு போடுகிற, வளைந்த, நல்ல கனமான எவர்சில்வர் தட்டு.

"ஒதுங்குங்க!" என்று கத்தினாள். தோப்பில் காய் தள்ளுகிறவர் கொடுக்கும் அதே சத்தம்.

சுஃப்யான் ஒதுங்கினான். சிஸ்டர் ஒதுங்கினார். சேர்மன் தரையிலேயே படுத்துவிட்டார். சீஃபுக்கு மட்டும் அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை. முப்பது வருடமாக எறிந்த மனிதர், ஒதுங்கிப் பழக்கமில்லை. கிட்னி ட்ரே சுழன்று போய் அவர் நெற்றியின் நட்ட நடுவில் இறங்கியது. எலும்பில் எவர்சில்வர் மோதும் சத்தம் கேட்டது. நெற்றி வாய் பிளந்தது. ரத்தம் மூக்கின் இரண்டு பக்கமும் வழிந்து முகக்கவசத்தை நனைத்தது. அவர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். பிடிக்க யாருமில்லை. தரை நல்ல கிரானைட்.

அரங்கவகுப்பில், பின்மண்டை விலகித் திரையில் முதல்முறையாக வயிறு தெரிந்தது. குழுவினர் கைதட்டினார்கள்.

"டாக்டர் மேல பட்டிருச்சு" என்றார் நிலோஃபர். அன்று அவர் வாய் திறந்தது அப்போதுதான். எழுந்து போய், உரிந்து தொங்கிய தாளைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்து உரக்க வாசித்தார். "அறுவையை நிறுத்தணும். எல்லாருக்கும் எக்ஸ்ரே. ஒருத்தரையும் விடாம. காப்பீட்டு விதி."

காப்பீடு என்றதும் சேர்மன் எழுந்து நின்றார். நம்பிக்கையைப் பற்றி எதையும் பேசலாம், காப்பீட்டோடு விளையாட முடியாது. எக்ஸ்ரே வண்டி வந்தது. நேரலையை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படங்கள் ஒவ்வொன்றாக அரங்கவகுப்புத் திரையிலேயே விழுந்தன. முதலில் சேர்மன், பதவிக்குரிய மரியாதையோடு. பையிலிருந்த சாவிக்கொத்து நன்றாகத் தெரிந்தது. பிறகு சீஃபின் மண்டை, கீறல் இல்லாமல் கெட்டியாக இருந்தது. சிஸ்டரின் ஊக்கு. சுஃப்யானின் தோளெலும்பு எப்போதோ ஒடிந்து, யாரும் பார்க்காமல் தானே கோணலாகக் கூடியிருந்தது. அதைப் பார்த்து அவனே ஆச்சரியப்பட்டான்.

கடைசியாக நோயாளி. ஈரலுக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று, வாயை இறுக மூடியபடி, நாலாவது ஆர்ட்டரி.

நெற்றியில் பஞ்சை அழுத்திக் கட்டிக்கொண்டு சீஃப் எழுந்து வந்தார். கையுறை மாற்றினார். போட்ட தையலைப் பிரித்தார். உள்ளே கை விட்டு அதை எடுத்தார். பொறுக்கிக் கழுவிய கிட்னி ட்ரேயை லோகப்பிரியா நீட்டிக்கொண்டு நின்றாள். சீஃப் அவளைப் பார்த்தார். ஆர்ட்டரியைப் பார்த்தார். எறியவில்லை. தட்டில் வைத்தார்.

சேர்மன் அங்கியைத் திருப்பி மாட்டிக்கொண்டு அரங்கவகுப்புக்கு ஓடினார். மைக்கைப் பிடித்தபோது அவர் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை.

"பாத்தீங்களா! வேற ஆஸ்பத்திரின்னா ஆளை ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டு, ஆறு மாசம் கழிச்சு வவுத்துவலின்னு வந்த பொறகு கண்டுபுடிப்பாங்க. நாங்க அன்னைக்கே கண்டுபுடிச்சுப்போட்டமுங்க. அதவிட முக்கியமானது என்னன்னா, இந்த அம்மணி ரெண்டே வருசத்துல சீஃபோட கையை அப்படியே புடிச்சுட்டா. ஒரே வீச்சு! நெத்தி நடுவுல! இதுக்கு மேல ஒரு கத்துக்கற சூழலை எங்கீங்க பாக்கப்போறீங்க?"

குழு உயர்ந்த தரம் கொடுத்துவிட்டுப் போயிற்று. லோகப்பிரியாவுக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். நெற்றியில் தையலோடு சீஃப்தான் கொடுத்தார். "தேறிட்டா" என்றார், முழு மனதோடு. அந்தத் தையலைப் போட்டது சுஃப்யான். இறுக்காதே என்று சீஃப் இரண்டு தடவை சொன்னாராம், அவனுக்குக் காதில் அடிபட்டிருந்ததால் கேட்கவில்லையாம். அப்துல் கையூம் சுஃப்யானின் தோளெலும்பு எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாவது காயம் சரியாக இருக்கிறது என்று புது ஆர்ட்டரி ஒன்று எடுத்துக் கொடுத்தார். பழையதுதான் கிடைத்துவிட்டதே என்றதற்கு, காயம் வந்த பிறகு கருவி தராமல் இருக்க முடியாது என்றார். கிட்னி ட்ரேக்கள் எல்லாவற்றையும் சங்கிலியால் மேசையோடு கட்டினார்கள்.

அமீர் ஹம்சா வீட்டுக்குப் போகும்போது அவளைத் தேடி வந்தார். கையில் கடையிலிருந்து வரவழைத்த சுடிதார் பிட்.

"மூணு தடவ இழுத்துப் பாத்து வாங்கிக்கம்மா" என்றார். பிறகு, "பக்கத்துலயே இருந்தியா?" என்றார்.

"இருந்தேனுங்க."

அவள் துணியை இழுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆடி முடிந்து புது மாணவர்கள் வந்தார்கள். சீஃப் இப்போது லோகப்பிரியா அரங்கில் இருக்கும் நாள்களில் எறிவதில்லை. மற்ற நாள்களுக்குச் சேர்த்து வைத்துக்கொள்கிறார். புதியவர்களுக்கு மேசை அடுக்கச் சொல்லித்தரும் வேலை அவளுக்கு வந்தது. தன்னை யாரும் நடத்தாத மாதிரி இவர்களை நடத்த வேண்டும் என்று மனதார நினைத்திருந்தாள். முதல் நாள், அரங்கில் நோயாளிகூட இல்லை. வர்ஷினி என்ற புதுப்பெண் கத்தரி வைக்கும் இடத்தில் ஆர்ட்டரியை வைத்துவிட்டாள்.

"அது அங்க இல்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டே லோகப்பிரியா கையைத் தூக்கினாள். மேலே விளக்கைச் சற்றுத் திருப்புவதற்காகத்தான்.

வர்ஷினியைக் காணோம். குனிந்து பார்த்தபோது மேசைக்கடியில், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீஃபின் நெற்றியைக் கல்லூரி முழுக்கப் பார்த்திருந்தார்கள் அல்லவா?

லோகப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூக்கிய கையை மெல்ல இறக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் எதையும் எறிய மாட்டேன் சாமி. என்னை நம்பு. வெளிய வா."

"நம்பறேனுங்க அக்கா" என்றாள் வர்ஷினி. தலையிலிருந்து கையை எடுக்கவில்லை, வெளியேயும் வரவில்லை.